மேலே கூரை, கீழே புல்

அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் காட்டுக் கினிப்பன்றியைத் தேடிப் போகிறவர்கள் புல்வெளியின் நடுவில் நின்று பயனில்லை. ஓரத்துக்குப் போக வேண்டும். உயரமான கோரையும் புதரும் முடிந்து குட்டைப் பசும்புல் தொடங்குகிற இடம் அது. விடியலிலும் அந்தி சாயும் வேளையிலும், அந்த எல்லையை ஒட்டி, சாம்பலும் பழுப்பும் கலந்த வாலில்லாத உருவங்கள் சில தலை குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும். தீனி இருப்பது குட்டைப் புல்லில். பருந்தின் நிழல் விழுந்தால் ஓடி ஒளிய இடம் இருப்பது உயரப் புல்லில். அர்ஜென்டினாவின் மார்செலோ காசினி, மரியா கலான்டே ஆகிய இருவரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்கைத்தான் விவரித்தது. மறைவிடத்தை ஒட்டிய இடங்களில்தான் மேய்ச்சல் குவிந்திருந்தது. தூரத்தில் எவ்வளவு பசுமை இருந்தாலும், திறந்தவெளி இந்த விலங்கை இழுக்கவில்லை.

காவியா அபேரியா என்பது அதன் அறிவியல் பெயர். முயலைப் போல வளை தோண்டும் வழக்கம் இதற்குக் கிடையாது. திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் நடந்து, உயரப் புல்லின் அடியில் சுரங்கம் போன்ற பாதைகளை உண்டாக்கிக்கொள்கிறது. தலைக்கு மேல் எப்போதும் ஏதோ ஒன்று மூடியிருக்க வேண்டும். அது புல்லாக இருந்தாலும் சரி, புதராக இருந்தாலும் சரி. தன் கினிப்பன்றியைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் விடலாமா என்று யோசிக்கிற எவரும் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய படம் இது. பச்சைப் புல்தரையின் நடுவில், நாலு பக்கமும் வெட்டவெளியாக, ஒரு கினிப்பன்றியை இறக்கிவிடும் காட்சி புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். அந்த விலங்கின் கண்ணுக்கு அது தன் மூதாதையர் தவிர்த்த இடம்.

வீட்டில் வளரும் கினிப்பன்றிக்கும் இந்தக் காட்டு உறவினருக்கும் நடுவே பல ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது. இப்போதைய பெரு, பொலிவியா, எக்வடார் நாடுகள் இருக்கும் ஆண்டீஸ் மலைப்பகுதியில், மலைவாழ் காவியா இனம் ஒன்றை மனிதர்கள் இறைச்சிக்காகப் பழக்கினார்கள். இன்றும் அந்த மலைக் கிராமங்களில் மண்சுவர்ச் சமையலறைத் தரையில் கினிப்பன்றிகள் கூட்டமாக ஓடித் திரிவதைப் பார்க்கலாம். அடுப்பு மூட்டிய அறையின் கதகதப்பும் இருட்டு மூலைகளும் அவற்றுக்குப் போதும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே அவற்றை யாரும் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவதில்லை. புல், மக்காச்சோளத் தோகை, குதிரைமசால் என்று அறுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் போடுகிறார்கள்.

ஸ்பானியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன பிறகு இந்த விலங்கின் பிழைப்பே மாறியது. 1554-ல் சுவிஸ் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் அதைப் பற்றி எழுதினார். 1580-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வரையப்பட்ட ஓர் ஓவியத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மூவர் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் பிள்ளையின் கையில் ஒரு கினிப்பன்றி. சமையலறைத் தீனியாக இருந்தது மடியில் ஏறிவிட்டது. தோட்டமும் புல்தரையும் வைத்திருந்த ஐரோப்பிய வீடுகளில்தான், பகலில் அதை வெளியே மேயவிடுகிற பழக்கம் வேரூன்றியது. பிரிட்டனில் மரக்கூண்டும் அதையொட்டிய கம்பிவலை அடைப்பும் இன்றும் பல வீட்டுத் தோட்டங்களில் உண்டு.

பழக்கியதில் விலங்கும் மாறியது. காட்டு உறவினரோடு ஒப்பிட்டால் வீட்டுக் கினிப்பன்றியின் மூளை ஏறத்தாழ 14 சதவீதம் சிறியது. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் சாக்ஸர் குழுவினர் இரண்டையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டு விலங்கு சண்டைக்குப் போவது குறைவு, ஒன்றோடொன்று கொஞ்சிக்கொள்வது அதிகம். சுற்றுப்புறத்தை உற்றுக் கவனிப்பதும் புது இடத்தைத் துழாவிப் பார்ப்பதும் குறைவு. பதற்றத்தின்போது சுரக்கும் ஹார்மோன்களும் மட்டுப்பட்டிருந்தன. இதை வைத்து மக்குப் பிராணி என்று முத்திரை குத்துவது அவசரம். தண்ணீர்த் தொட்டியில் மேடையைத் தேடிக் கண்டுபிடிக்கும் சோதனையில் வீட்டுக் கினிப்பன்றிகள் காட்டு உறவினரைவிட நன்றாகவே கற்றுக்கொண்டதாக அதே பல்கலைக்கழகத்தின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. குறைந்தது அறிவு என்று சொல்ல முடியாது, விழிப்பு என்று சொல்லலாம். தோட்டத்தில் இறங்கும்போது ஆபத்தானது அந்தக் குறைதான். விழிப்பாக இருக்கும் வேலை அதை இறக்கிவிடுகிற மனிதர் தலையில் விழுகிறது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வெளியே விட வேண்டும்? பதில் அதன் வாயிலிருந்தே தொடங்குகிறது.

கினிப்பன்றிக்கு 20 பற்கள். முன்பற்கள் மட்டும் வளர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கடைவாய்ப் பற்கள் உட்பட எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லின் இலையில் சிலிக்கா என்கிற கண்ணுக்குத் தெரியாத மணல்துகள் உண்டு. அதை மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் பல் தேய்கிறது. கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தை நாலு கடியில் நொறுக்கி விழுங்கிவிடலாம், பல் தேயாது. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்கள் இயல்பிலேயே நாக்கின் பக்கம் சாய்ந்திருப்பவை. தேயாமல் வளர்ந்தால் இரண்டு பக்கமும் நீண்டு, நாக்கின் மேல் பாலம் கட்டிவிடும். கினிப்பன்றி பசியோடு தட்டின் முன்னால் வந்து உட்காரும், முகர்ந்து பார்க்கும், விழுங்க முடியாமல் திரும்பிப் போகும். கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. உலர்புல்லும் பச்சைப் புல்லும் தடையின்றிக் கிடைப்பதே இதைத் தடுக்கும் முதல் வழி.

பச்சைப் புல்லுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நார்வேயில் 1907-ல் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் கப்பல் மாலுமிகளைத் தாக்கிய பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கினிப்பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிபெரி வரவில்லை. ஈறு வீங்கி, பல் ஆடி, மூட்டில் இரத்தம் கசிந்து, ஸ்கர்வி வந்தது. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் அது வராமல் நின்றது. எலியிலோ நாயிலோ இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. அவை உடலுக்குள்ளேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்கின்றன. அதைத் தயாரிக்கும் கடைசி நொதி மனிதரிடம் இல்லாததுபோலவே கினிப்பன்றியிடமும் இல்லை. அன்றாடம் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 30 மில்லிகிராம் வரை அது வெளியிலிருந்து வர வேண்டும். புல் காயும்போது வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடுகிறது, பச்சையில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் குடைமிளகாயிலும் கொத்தமல்லித் தழையிலும் தேடிக் கொடுப்பதை, நல்ல புல்தரை கொஞ்சம் ஈடுசெய்யும்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. புற ஊதா-பி கதிர் வீசும் விளக்கின் கீழ் வளர்த்த கினிப்பன்றிகளின் இரத்தத்தில் வைட்டமின் டி கூடியதை அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெளிச்சம் இந்தக் காரியத்துக்கு உதவாது. அதற்காக நேர் வெயிலில் வைக்கச் சொல்லவில்லை. திறந்த வானத்திலிருந்து சிதறி வரும் கதிர் மரநிழலிலும் ஓரளவு கிடைக்கும்.

ஆக, புல் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். தடையாக நிற்பது வெப்பம். இந்த அத்தியாயத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது வெப்பத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

1782–83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரம் ஒன்றுக்குள் வைத்தார்கள். அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று எடை போட்டார்கள். அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்து, கரி எரியும்போது நடப்பதோடு ஒப்பிட்டார்கள். மூச்சு விடுவதும் ஒரு வகை எரிதலே என்ற முடிவுக்கு அவர்கள் வந்த வழி அது. வேதியியல் வரலாற்றில் பெரிய மைல்கல். கினிப்பன்றி வளர்ப்பவருக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது: உள்ளே கனல் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது, அந்தச் சூடு எப்படியாவது வெளியேறியாக வேண்டும்.

வெளியேறும் வழிகள்தான் அதற்குக் குறைவு. உருண்டையான உடல், இருப்பதே தெரியாத கழுத்து, வால் கிடையாது, அடர்ந்த ரோமம். மனிதரைப் போல வியர்வை வழிய விட்டுக் குளிர்ந்துகொள்ள அதனால் முடியாது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துச் சூட்டைத் தள்ளவும் அதற்கு அவ்வளவாக வராது. மெல்லிய காதுமடல் வழியாகக் கொஞ்சம், தரையில் நீட்டிப் படுத்தால் வயிற்றுப் பக்கமாகக் கொஞ்சம். அவ்வளவுதான். ஆண்டீஸ் மலைக் குளிருக்கு இந்த உடல் பொருத்தம். கடலோரச் சமவெளிக்கு இது தண்டனை. ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அது சுகமாக இருக்கும். 27 டிகிரியைத் தாண்டும்போதே வெப்பத்தாக்கு ஏற்படும் வாய்ப்பு தொடங்கிவிடுகிறது. காற்றில் ஈரப்பதமும் கூடினால் இன்னும் சீக்கிரம். சினையாக இருப்பவை, பருத்தவை, நீண்ட ரோமம் உள்ள பெருவியன் போன்ற வகைகள் முதலில் விழும்.

இந்த எண்களைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை புரியும். மே மாதப் பகல் 37, 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடுகிறது. ஜனவரியில்கூட நண்பகலில் 29 டிகிரிக்கு வந்துவிடும், அதிகாலையில் 21 அல்லது 22 இருக்கும். இப்படிப் பார்த்தால் சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் கினிப்பன்றிக்கு வெளியுலகம் திறந்திருப்பது மார்கழி, தை மாதக் காலை வேளைகளில் மட்டும்தான். சித்திரை வைகாசியில் மொட்டை மாடி, பால்கனி என்ற பேச்சே கூடாது. சூடேறிய கான்கிரீட் தரையில் பாதம் வெந்துபோகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பகல்பொழுது ஏறக்குறைய ஆண்டு முழுக்க அதன் சொந்த ஊர் வெப்பநிலையில்தான் இருக்கிறது. அங்கே ஆபத்து இரவில். பனி உறையும் ஜனவரி இரவுகளில் வெளிக்கூண்டில் விட்டுவைத்தால் விறைத்துவிடும்.

குளிர்நாட்டிலும் கோடைப் பகலில் கினிப்பன்றிகள் வெயிலில் சாகின்றன. காரணம் பெரும்பாலும் கடிகாரம். காலை ஒன்பது மணிக்குச் சுவர் நிழலில் அடைப்பை வைத்துவிட்டுப் போகிறார்கள். பகல் பன்னிரண்டுக்கு நிழல் நகர்ந்துவிடுகிறது. அடைப்புக்குள் இருக்கும் விலங்குக்கு அதோடு நகர வழியில்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குடில் அடுப்பாகிவிடுகிறது. எனவே அடைப்பின் ஒரு பாதியையாவது, சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் நிழல் தரும்படி துணியோ பலகையோ போட்டு மூட வேண்டும். மரத்தடி இன்னும் நல்லது. காற்றோட்டத்தை அடைக்காத மரக்குடில், ஈரமாக்கிய கல்பலகை ஒன்று, துணி சுற்றிய பனிக்கட்டிப் போத்தல் ஒன்று வைத்தால் வேண்டுமென்கிறபோது சாய்ந்து படுத்துக்கொள்ளும். தண்ணீர்ப் போத்தலும் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் சூடான தண்ணீரை அது தொடாது.

வெப்பத்தாக்கின் அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கால்களை நீட்டிப் படுத்துவிடும். மூச்சு படபடவென்று இரைக்கும். வாயோரம் எச்சில் வழியும், காது சிவந்து சூடாக இருக்கும். தொட்டாலும் எழாது. அடுத்தது வலிப்பு. உடனே குளிர்ந்த அறைக்குத் தூக்கிப் போய், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் காதிலும் பாதத்திலும் ஒற்ற வேண்டும், விசிறிவிட வேண்டும். பனிக்கட்டித் தண்ணீரில் முக்குவது பலர் பதற்றத்தில் செய்யும் காரியம். தோலடி இரத்தக்குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வாயில் தண்ணீரை ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

அடுத்தது அடைப்பு. பிரிட்டனில் நரி, பூனை, குருவிப்பருந்து என்று பட்டியல் போடுவார்கள். தமிழ்நாட்டுத் தோட்டத்தில் பட்டியல் இன்னும் நீளம்: தெருநாய், பூனை, கீரி, சாரைப்பாம்பு, வல்லூறு. காக்கையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. குட்டியைக் கொத்தித் தூக்கிப் போக அது தயங்காது. ஆகவே மேல்மூடி இல்லாத அடைப்பு அடைப்பே ஆகாது. கோழிக்கூண்டுக்கு வாங்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலையை நாய் கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வலையை மரச்சட்டத்தில் அடித்து, தரையோடு ஒட்டி நிற்கும்படி செய்வது பாதுகாப்பு. கினிப்பன்றி தோண்டி வெளியேறாது. வெளியிலிருந்து தோண்டி வருபவருக்காகத்தான் தரை ஓரம் இறுக்கமாக இருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பூனை கூண்டைச் சுற்றி வந்து நின்றாலே அதிர்ச்சியில் தீனியை நிறுத்திவிடும் விலங்கு இது.

உள்ளே மறைவிடங்கள் வேண்டும். ஒன்று போதாது, விலங்குக்கு ஒன்று வீதம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் வலியது வாசலை மறித்துக்கொண்டு எளியதை மூலையில் முடக்கிவிடும். வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டியும் உலர்புல் குவியலும் கடையில் விற்கும் வண்ண வீடுகளைவிட மேல்.

புதிதாக வளர்ப்பவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று இங்கே உண்டு. பழகாத ஒலி எதையாவது கேட்டதும் கினிப்பன்றி 'டிர்ர்' என்று சன்னமாக ஓர் ஒலி எழுப்பிவிட்டுக் கல்லாகிவிடும். ஒரு மயிர்கூட அசையாது. பார்ப்பவர், எவ்வளவு சாந்தமாக உட்கார்ந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோவார். அது சாந்தம் இல்லை, அச்சத்தின் உச்சம். எதிரியின் கண்ணுக்கு அசைவுதான் முதலில் படும் என்பதால் உறைந்துபோவது அதன் தற்காப்பு. நிஜமாகவே நிம்மதியாக இருக்கும் கினிப்பன்றி மென்றுகொண்டே இருக்கும், காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும், சிலசமயம் நின்ற இடத்திலிருந்து காற்றில் துள்ளிக் குதிக்கும். வளர்ப்பவர்கள் 'பாப்கார்ன் அடிக்கிறது' என்று சொல்வது இந்தத் துள்ளலைத்தான். முதல் நாள் அரைமணி நேரமும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பினால் அதில் தோல்வி ஒன்றும் இல்லை. பெட்டியைத் தூக்கி அதை 'வெளியே வா' என்று விரட்டுவதுதான் தவறு.

தனியாக இருக்கும் கினிப்பன்றி வெளியே இன்னும் மிரளும். பழகிய துணை பக்கத்தில் இருந்தால் புது இடத்தில் பதற்ற ஹார்மோன் குறைவாக ஏறுகிறது என்பதை மூன்ஸ்டர் குழுவினரே கண்டறிந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து 2008-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியை ஒற்றையாக வளர்ப்பதே சட்டமீறல். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. விதி சரியானதே. ஆணும் பெண்ணுமாகச் சேர்த்து வைத்துவிட்டால் இரண்டே மாதத்தில் குட்டிகள் ஓடத் தொடங்கும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நாய்க்குப் போடுவதுபோல வார்ப்பட்டை மாட்டி நடத்திப் போகும் சாதனங்களும் விற்கின்றன. கினிப்பன்றியின் முதுகெலும்பு முறுக்குக்கும் இழுப்புக்கும் ஏற்றதில்லை. மிரண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் பட்டைதான் முதல் எதிரி. வாங்க வேண்டாம்.

தீனி விஷயத்தில் அவசரம் ஆபத்து. கினிப்பன்றியின் பெருங்குடல்வாய் ஒரு நொதிக்கும் தொட்டி. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன. உலர்புல்லுக்குப் பழகிய கூட்டத்தின் மேல் திடீரென்று ஈரப் பசும்புல்லைக் கொட்டினால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவும் முடியாது. முதல் வாரம் ஒரு கைப்பிடிப் புல்லை அறுத்து வீட்டுக்குள்ளேயே கொடுத்துப் பழக்கிவிட்டு, பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மேயவிட்டு, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுவதே முறை. புல்வெட்டும் இயந்திரம் நறுக்கிக் குவித்த புல்லைக் கொடுக்கவே கூடாது. நசுங்கிய புல் குவியலில் சூடேறிச் சில மணி நேரத்தில் நொதித்துவிடும். கத்தரியால் வெட்டியது நல்லது. பனியோ மழையோ ஈரம் சொட்டும் தரையில் விடுவதும் வேண்டாம், வயிறு நனைந்து குளிர் பிடித்துக்கொள்ளும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்ந்த விலங்குக்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் ஏற்றது.

தமிழ்நாட்டில் அருகம்புல்லே போதும். தெருவோரத்தில் நாய் சிறுநீர் கழித்த இடத்திலும், களைக்கொல்லி தெளித்த பூங்காவிலும், பெருச்சாளி நடமாடும் சாக்கடையோரத்திலும் அறுக்காமல் இருந்தால் சரி. வேலியில் என்ன நிற்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பது அதைவிட முக்கியம். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி எல்லாமே விஷம். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் உள்ள கோல்கிசின் மனிதரையே கொல்லக்கூடியது. தொட்டிச் செடிகளில் டீஃபன்பேக்கியாவும் மணிபிளான்டும் வாயைப் புண்ணாக்கும். நீலகிரித் தோட்டங்களில் ரோடோடெண்ட்ரான் இலை உதிர்ந்து கிடக்கும் இடத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். காட்டு விலங்கு தாயிடமிருந்து எதைத் தின்பது என்று கற்றுக்கொள்ளும். கடையில் பிறந்த விலங்குக்கு அந்தப் பாடம் கிடைத்திருக்காது, எதையும் ஒரு கடி கடித்துப் பார்க்கும்.

ஈக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்புறம் ஈரமாகவோ மலம் ஒட்டியோ இருந்தால் ஈ முட்டையிட்டுவிடும். வெயில் காலத்தில் ஒரே நாளில் புழு வெளிவந்து தோலுக்குள் இறங்கும். கிராமத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் 'புழு வைத்துவிட்டது' என்று சொல்லும் அதே கேடு, உடல் சிறியதாக இருப்பதால் இங்கே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் திருப்பிப் பிடித்து அடிவயிற்றையும் பின்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். நீண்ட ரோமம் உள்ளவற்றுக்கு அந்தப் பகுதியைக் கத்தரித்துவிடுவது உத்தமம். உண்ணியும் சொறிப்பூச்சியும் அப்போதே கண்ணில் படும். விடாமல் சொறிந்துகொண்டு முடி உதிர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

இத்தனையும் வாய்க்காத வீடுகள்தான் நம் நகரங்களில் அதிகம். மூன்றாவது மாடி, தோட்டம் கிடையாது, ஒன்பது மாதம் வெயில். அப்படிப்பட்ட வீட்டில் விலங்கை வெளியே கொண்டுபோவதைவிட வெளியை உள்ளே கொண்டுவருவது அறிவான காரியம். ஆண்டீஸ் கிராமத்தார் செய்வதும் அதுதான். அகலமான தட்டுகளில் அருகம்புல்லையோ கோதுமைப் புல்லையோ முளைக்க வைத்து, ஒன்று தீரும்போது இன்னொன்றைக் கூண்டுக்குள் வைக்கலாம். குளிர்ந்த அறையின் தரையில் பழைய போர்வையை விரித்து ஓடவிடலாம். மார்கழி பிறந்ததும் காலை ஏழு மணிக்குக் கீழே இறக்கி அரைமணி நேரம் மேயவிடலாம். அதற்குமேல் ஆசைப்படுவது வளர்ப்பவரின் ஆசை. கினிப்பன்றியின் தேவை அதில் குறைவு.

எல்லா எச்சரிக்கையையும் மீறிப் பூனை ஒரு கீறல் போட்டுவிட்டால்? காயம் சிறிதாகத் தெரியும். பூனையின் வாயிலும் நகத்திலும் உள்ள பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கிவிட்டிருக்கும். இந்த இடத்தில்தான் நல்ல மனத்தோடு பலர் விலங்கைக் கொன்றுவிடுகிறார்கள். வீட்டு அலமாரியில் மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். 1940 மே 25-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்டு ஃப்ளோரி பென்சிலினை முதலில் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளில். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. 1943-ல் டோரத்தி ஹாம்ரேயும் சக ஆய்வாளர்களும் அதே மருந்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்தியபோது அவை செத்தன. குடலில் நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்களைப் பென்சிலின் அழிக்கிறது. காலியான இடத்தில் நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகுகிறது. ஃப்ளோரி அன்று சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியை எடுத்திருந்தால் பென்சிலினின் கதையே தாமதப்பட்டிருக்கும்.

ஆகவே அமாக்சிசிலினோ ஆம்பிசிலினோ, வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த மருந்தைக் கினிப்பன்றியின் வாயில் வைக்காதீர்கள். காயத்தை உப்புநீரால் கழுவிவிட்டு, சிறு விலங்குகளுக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் யார் என்பதை, முதல்முறை அதைப் புல்லில் இறக்கிவிடுவதற்கு முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.